தோன்றா எழுவாய்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



'சொல்லும் பொறுப்பும்' என்னும் பொருளில் பேசுமாறு விழாக் குழுவினர் என்னைப் பணித்தனர். கவிதையில் சொல்லின் பொறுப்பைப் பற்றிப் பேச என்னினும் வல்லவர்கள் இவ்வவையில் பலர் உளர். ஆகவே நான் கவிதையை விட்டுவிட்டு ஓர் அரசு அறிக்கையைக் கையில் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறேன். அதுவும் சொற்களால் ஆனதுதான். அதையும் யாரோ ஒருவர் ஒரு சொல்லை அடித்து, வேறொரு சொல்லை இட்டு, மீண்டும் படித்துப் பார்த்துத்தான் எழுதியிருக்கிறார். நம் வட்டத்திற்கு இன்று பத்து வயது. அந்த அறிக்கையின் பின்னால் ஒளிந்திருந்த உண்மை வெளிவரவும் ஏறத்தாழப் பத்து ஆண்டுகள்தாம் ஆயின.

1983 செப்டம்பர் 1ஆம் நாள் சோவியத் அரசின் செய்தி நிறுவனமான டாஸ் அதை வெளியிட்டது. மிகச் சிறிய அறிக்கை. அதன் சாரம் இது: அடையாளம் தெரியாத விமானம் ஒன்று பசிபிக் பக்கமிருந்து கம்சத்கா தீபகற்பத்தின் மேல் சோவியத் வான்வெளியில் நுழைந்தது, பிறகு சகலின் தீவின் மேலும் அத்துமீறிற்று, அதன் விளக்குகள் எரியவில்லை, வினாவுக்கு விடை தரவில்லை, அருகிலிருந்த விமான நிலையத்திற்கு வழிகாட்ட முனைந்த சோவியத் போர் விமானங்களின் சைகைகளைப் பொருட்படுத்தாமல், ஜப்பான் கடலை நோக்கித் தன் பயணத்தைத் தொடர்ந்தது. அறிக்கை அவ்வளவே.

நடந்தது என்ன என்பதை இன்று நாம் அறிவோம். நியூயார்க்கிலிருந்து அலாஸ்காவின் ஆங்கரேஜ் வழியாகச் சோல் நகரம் செல்லவேண்டிய கொரிய விமான நிறுவனத்தின் 007ஆம் எண் போயிங் 747 விமானம் அது. பயணிகளும் பணியாளருமாக 269 பேர் அதில் இருந்தனர். சோவியத் எல்லையை ஒட்டி, ஆனால் அதைத் தொடாமல் செல்லும் ஆர் 20 என்னும் வான்வழி அதற்குக் குறிக்கப்பட்டிருந்தது. விமானத்தின் தானியங்கி ஓட்டி வழிகாட்டும் கருவியோடு இணையாமல், ஒரே காந்தத் திசையைப் பிடித்துக்கொண்டு மணிக்கணக்கில் சென்றது. சிறிய கோண வேறுபாடுதான். ஆனால் ஐந்து மணி நேரத்தில் அது 500 கிலோமீட்டருக்கு மேற்பட்ட விலகலாகிவிட்டது. ஜப்பான் நேரப்படி அதிகாலை 3.26க்கு, சகலினுக்கு மேற்கே மொனெரான் தீவின் அருகே, ஒரு சுகோய் 15 போர் விமானம் இரண்டு ஏவுகணைகளை ஏவியது. தாக்கப்பட்ட பின்னரும் அந்தப் பெரிய விமானம் உடனே வீழ்ந்துவிடவில்லை. குறைந்தது பன்னிரண்டு நிமிடம் சுழன்று சுழன்று இறங்கிக் கடலுள் மறைந்தது. ஒருவரும் பிழைக்கவில்லை.

இப்போது அந்த அறிக்கையின் இறுதித் தொடரை மீண்டும் நோக்குங்கள். 'ஜப்பான் கடலை நோக்கித் தன் பயணத்தைத் தொடர்ந்தது.' நண்பர்களே, இது பொய்யா? விமானம் அந்தத் திசையில்தான் சென்றது. ஏவுகணை பட்டபின் வீழ்ந்துகொண்டு சென்றது. ஒவ்வொரு சொல்லையும் தனித்தனியே எடுத்தால் வழக்கறிஞர் ஒருவர் அதைக் காப்பாற்றிவிடலாம். சேர்த்துப் படித்தால், 269 பேர் எங்கோ நலமாகப் பறந்து போய்விட்டதாகப் பொருள் தரும். கவிதையில் நாம் குறிப்புப் பொருள் என்று கொண்டாடும் ஆற்றலை இவ்வளவு கொடிதாகக் கையாண்ட வேறொரு வாக்கியத்தை நான் படித்ததில்லை.

இலக்கணம் அறிந்த அவை இது. 'வந்தேன்' என்றால் 'நான்' என்னும் எழுவாய் வெளிப்படையாக இல்லை. ஆயினும் விகுதி காட்டிக்கொடுத்துவிடும். தோன்றா எழுவாய் என்பது மறைந்த எழுவாயன்று. வினைமுற்றுக்குள் குடியிருக்கும் எழுவாய். 'சுட்டான்' என்று தமிழில் சொன்னால் சுட்டவன் ஓடி ஒளிய முடியாது. ஒளிய விரும்புகிறவன் செயப்பாட்டுவினையைத் தேடிப்போக வேண்டும்: 'சுடப்பட்டது'. டாஸ் அறிக்கையை எழுதியவர் அதனினும் ஒரு படி மேலே போனார். சுட்ட வினையையே எடுத்துவிட்டு, சுடப்பட்டதையே எழுவாயாக்கினார். விமானம் நுழைந்தது, விமானம் விடை தரவில்லை, விமானம் தொடர்ந்தது. செய்தவையெல்லாம் அதுவே செய்தது.

இதற்கு நேர்மாறாக, அன்றிரவு அந்தப் போர் விமானத்தின் ஓட்டி தரைக்கட்டுப்பாட்டோடு பேசிய சொற்கள் உள்ளன. அவர் பெயர் கென்னாடி ஒசிபோவிச். ஏவுகணையை விடுத்தவுடன் அவர் சொன்னதைத் தமிழில் 'ஏவிவிட்டேன்' என்று தரலாம். இரண்டு நொடி கழித்துச் சொன்னது, 'இலக்கு அழிக்கப்பட்டது'. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள தொலைவை எண்ணிப் பாருங்கள். ஏவியது அவர்; அழிந்தது இலக்கு. முதல் வினை தன்மையில் இருக்கிறது. இரண்டாவதில் அவர் இல்லை. கட்டளைப்படி நடந்த ஒரு போர்வீரனின் வாயில் இரண்டு நொடிக்குள் நிகழ்ந்த இந்த நழுவலைத்தான் அவருடைய அரசு பத்தாண்டுக்காலம் விரிவுரை செய்துகொண்டிருந்தது என்பேன்.

விளக்கங்கள் மாறிக்கொண்டே வந்தன. செப்டம்பர் 2இல், எச்சரிக்கையாக ஒளிக்குண்டுகள் சுடப்பட்டதாகச் சேர்க்கப்பட்டது. 6ஆம் நாள், அத்துமீறிய விமானத்தின் பயணத்தைத் தடுத்து நிறுத்தும் கட்டளை நிறைவேற்றப்பட்டது என்று அரசு அறிக்கை ஒப்புக்கொண்டது. நிறுத்துதல் என்ற சொல்லைக் கவனியுங்கள், வண்டியை நிறுத்துவதுபோல. 9ஆம் நாள் படைத்தலைமைத் தளபதி மார்ஷல் ஒகார்கோவ், பெரிய வரைபடத்தின் முன் கோலுடன் நின்று, உலகச் செய்தியாளர்களுக்கு இரண்டு மணி நேரத்திற்கு மேல் விளக்கமளித்தார். அந்த விமானம் முன்னரே திட்டமிட்ட உளவுப் பணியில் வந்தது என்பதே அவர் வாதம். சோவியத் தளபதி ஒருவர் கேள்விகளுக்கு நேர்நின்று விடையளிப்பது அந்நாளில் அரிய காட்சி. ஆனால் அந்த வரைபடத்தில் கோடுகள் இருந்தன, அம்புகள் இருந்தன, 269 பேர் இல்லை.

அச்சத்திற்குக் காரணமே இல்லை என்று நான் சொல்லவரவில்லை. அதே இரவில் கம்சத்காவின் அருகே அமெரிக்காவின் ஆர்.சி. 135 வேவு விமானம் ஒன்று, எதிர்பார்க்கப்பட்ட ஓர் ஏவுகணைச் சோதனையைக் கண்காணிக்கச் சுற்றிக்கொண்டிருந்தது. அவ்வாண்டு ஏப்ரலில் அமெரிக்கக் கடற்படை விமானங்கள் குரில் தீவுகளுள் ஒன்றின் மேல் பறந்து சென்றதனால் அப்பகுதிச் சோவியத் அதிகாரிகள் கண்டனத்துக்கு ஆளாகியிருந்தனர். மீண்டும் ஒருமுறை தப்பவிட்டால் தலை போகும் என்னும் நிலை. இதில் இன்னொரு கொடுமை உண்டு. தாக்குதலுக்குச் சில நிமிடங்களுக்கு முன், எரிபொருள் சிக்கனத்திற்காக 35,000 அடிக்கு ஏறிக்கொள்ள டோக்கியோ கட்டுப்பாட்டு நிலையம் அந்த விமானத்திற்கு இசைவளித்தது. ஏறும்போது விமானத்தின் வேகம் குறைந்தது. பின்தொடர்ந்த போர் விமானத்திற்கு அது தப்பிக்கும் தந்திரமாகத் தோன்றிற்று. ஒரே செயல், இரண்டு வாசிப்பு. கவிதைக்கு இரண்டு பொருள் கொள்வதில் யாருக்கும் இழப்பில்லை. அங்கே அப்படியன்று.

மறுகரையில் நின்றவர்கள் எப்படிப் பேசினார்கள் என்பதையும் சொல்லாவிட்டால் இந்த உரை ஒருதலையாகிவிடும். செப்டம்பர் 1 காலையிலேயே அமெரிக்க வெளியுறவு அமைச்சர் ஜார்ஜ் ஷுல்ட்ஸ் செய்தியாளரிடம் நடந்ததை அறிவித்தார். 6ஆம் நாள் ஐ.நா. பாதுகாப்பு அவையில் தூதர் ஜீன் கிர்க்பாட்ரிக், சோவியத் விமானி பேசிய ஒலிநாடாவைப் போட்டுக் காட்டினார். ஹொக்கைடோவின் வக்கனாயில் ஜப்பானியப் படையினர் ஒட்டுக்கேட்டுப் பதிந்த நாடா அது. விமானத்தின் விளக்குகள் எரிகின்றன என்று விமானியே சொல்வது அதில் கேட்டது. டாஸின் 'விளக்குகள் எரியவில்லை' அங்கேயே அவிந்தது. ஆயினும் அமெரிக்கா தந்த எழுத்துப்படியில் ஒன்று விடுபட்டிருந்தது. விமானி பீரங்கியால் சுட்டதாகச் சொல்லும் இடம் அதில் இல்லை. அதே மாதம் 11ஆம் நாள் திருத்திய படி வந்தது. அப்போதைக்குள் உலகம் தன் தீர்ப்பை எழுதி முடித்திருந்தது. அந்தப் படக்காட்சியைத் தயாரித்த அமெரிக்கத் தகவல் துறை அதிகாரியே பின்னாளில், தமக்கு முழு நாடாவும் தரப்படவில்லை என எழுதினார். சோவியத் தரப்பு அதை வேவு விமானம் என்றே மயங்கியிருக்கக்கூடும் என்பதை அமெரிக்க உளவுத்துறையினருள் ஒரு பகுதியினர் தொடக்கத்திலேயே உணர்ந்திருந்தனர் என்று, 1986இல் வெளிவந்த நூலில் சேமூர் ஹெர்ஷ் காட்டினார். அந்நூலின் தலைப்பே விமானியின் அந்த இரண்டாம் வாக்கியம்தான்.

ஒருவன் உண்மையை மறைத்தான். மற்றவன் உண்மையின் ஒரு பகுதியை உரத்துச் சொன்னான். இரண்டையும் ஒரே தராசில் நிறுக்க நான் ஒப்பமாட்டேன். கொன்றவன் மறைப்பதும் குற்றம் சாட்டுபவன் குறைப்பதும் ஒன்றல்ல. ஆனால் கேட்டு நின்றவர்களுக்கு இரண்டுமே முழு விடையாகவில்லை.

கேட்டு நின்றவர்கள் யார்? முதலில் சோல் நகரின் கிம்போ விமான நிலையத்தில் காத்திருந்த உறவினர்கள். அவர்களுக்குக் கிடைத்த முதல் விளக்கம், விமானம் சகலினில் பத்திரமாக இறங்கிவிட்டது என்பது. கொரிய அரசே அறிவித்த செய்தி. அவர்கள் மகிழ்ந்தனர்; சில மணி நேரமே அந்த மகிழ்ச்சி. செப்டம்பர் இறுதியில் சகலினின் நெவெல்ஸ்க் துறைமுகத்தில், கரையொதுங்கியவை என்று சொல்லிச் சோவியத் அதிகாரிகள் சில பொருள்களை ஜப்பானிய, அமெரிக்க அதிகாரிகளிடம் ஒப்படைத்தனர். அவற்றுள் காலணிகள் இருந்தன. ஒற்றையாகவும் இணையாகவும். உறவினர்க்கு முழுமையான உடல் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை.

இவ்விடத்தில் அச்சகத்தோடு உறவுள்ள நம்மவர்க்கு ஒரு செய்தி. இழப்பீட்டு வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை சென்றது. பயணி ஒருவருக்கு 75,000 டாலர் என்னும் உச்சவரம்பைப் பயணச்சீட்டில் அறிவிக்கும் வாசகம் பத்துப் புள்ளி எழுத்தில் இருக்கவேண்டும் என்பது விமான நிறுவனங்களின் ஒப்பந்தம். கொரிய நிறுவனம் எட்டுப் புள்ளியில் அச்சிட்டிருந்தது. எழுத்துச் சிறுத்ததனால் வரம்பு செல்லாது என்று குடும்பத்தினர் வாதிட்டனர். 1989இல் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. இந்த மலரை அச்சுக்கோக்கும் நண்பர் எட்டுப் புள்ளியைத் தொடும்போதெல்லாம் இதை நினைப்பாரோ என்னவோ, நான் நினைக்கிறேன்.

பாதுகாப்பு அவையில் செப்டம்பர் 12 அன்று வாக்கெடுப்பு நடந்தது. தீர்மானத்திற்கு ஒன்பது ஆதரவு, இரண்டு எதிர்ப்பு, நான்கு நடுநிலை. எதிர்த்த இரண்டில் ஒன்று சோவியத் ஒன்றியத்தின் வீட்டோ ஆகையால் தீர்மானம் வீழ்ந்தது. மறு ஆண்டு மே மாதம், பறக்கும் பயணிகள் விமானத்தின் மேல் படைக்கருவி பயன்படுத்தலாகாது என்னும் புதிய விதி சிகாகோ உடன்படிக்கையில் சேர்க்கப்பட்டது. அது நடைமுறைக்கு வர 1998 ஆயிற்று. விதி வந்ததே ஒழிய, விடை வரவில்லை.

விடை வேறோர் இடத்தில் இருந்தது. 1983 அக்டோபரிலேயே சோவியத் முக்குளிப்போர் கடலடியிலிருந்து விமானத்தின் பதிவுக் கருவிகளை எடுத்துவிட்டனர். கறுப்புப் பெட்டிகள் மாஸ்கோவுக்குச் சென்றன, படிக்கவும் பட்டன. பாதுகாப்பு அமைச்சர் உஸ்தினோவும் உளவுத்துறைத் தலைவர் செப்ரிகோவும் டிசம்பரில் தலைவர் ஆந்திரபோவுக்கு எழுதிய குறிப்பு பின்னாளில் வெளியாயிற்று. பெட்டிகள் கையிலிருப்பதை வெளியில் சொல்ல வேண்டா என்பது அவர்கள் பரிந்துரை. அமெரிக்கரையும் ஜப்பானியரையும் திசைதிருப்புவதற்காகத் தங்கள் கப்பல்கள் தேடுவதுபோல் நடித்துக்கொண்டிருப்பதையும் அக்குறிப்பு சொல்கிறது. கிடைத்துவிட்ட ஒன்றைக் கடலில் தேடுவதாக நடித்தல். எந்த நாடகாசிரியனும் எழுதத் துணியாத காட்சி.

ஏன் மறைத்தார்கள்? பெட்டியில் உளவு வேலைக்குத் தெளிவான சான்று இல்லை என்பதனால்தான். மார்ஷல் கோலால் காட்டிய கோடுகளுக்கு அந்த நாடா துணை நிற்கவில்லை.

மௌனம் வெறுமையாக இருப்பதில்லை. அந்தப் பத்தாண்டில் எத்தனையோ கதைகள் அந்த இடத்தில் முளைத்தன. திட்டமிட்ட உளவுப் பயணம் என்றோர் நூல்; வான்போரே நடந்தது என்று வேறொன்று; பயணிகள் உயிரோடு சிறைமுகாமில் இருக்கிறார்கள் என்று ஒரு வதந்தி. இறந்த பிள்ளை இருக்கக்கூடும் என்று தாயை நம்பவைக்கும் வதந்தியைவிடக் கொடியது உண்டா? அதை உண்டாக்கியவன் வதந்தி பரப்பியவன் மட்டுமல்லன். பெட்டியைப் பூட்டி வைத்தவனும்தான்.

நம் மொழியில் அரசனிடம் விளக்கம் கேட்டுப்போன பெண் ஒருத்தி இருக்கிறாள். பாண்டியன் அவையில் கண்ணகி நின்ற காட்சியை எத்தனையோ மேடைகளில் நாம் அவளுடைய சினமாகவே பேசியிருக்கிறோம். எனக்கு அந்தக் காட்சியில் பெரிதாகத் தோன்றுவது அவள் சினமன்று, அவளுடைய வழக்காடும் முறை. நீ ஏன் கொன்றாய் என்று மட்டும் கேட்டிருந்தால், கள்வனைக் கொல்வது அரசநீதி என்னும் விளக்கம் ஆயத்தமாக இருந்தது. மன்னனும் அதைத்தான் சொல்கிறான். அவள் அத்தோடு நிற்கவில்லை. என் சிலம்பின் உள்ளே இருப்பது மாணிக்கம் என்றாள். மன்னன் தன் தேவியின் சிலம்பின் பரல் முத்து என்றான். அதன்பின் சொல்லுக்கு வேலையில்லை. பொருள் அவைக்கு வந்தது, உடைந்தது, உள்ளிருந்தது தெறித்தது. விளக்கத்தைக் கேட்டால் விளக்கம்தான் வரும். பொருளைக் கேட்டால்தான் அரசு விழிக்கும். அந்த மன்னனுக்கு ஒரு பெருமையை நாம் விட்டுக்கொடுக்கக் கூடாது. சிலம்பைக் கொண்டுவரச் சொன்னவன் அவனே. ஒளித்து வைத்துவிட்டு, வைகையில் தேடச்சொல்லி ஆளனுப்பவில்லை.

007 விமானத்தில் உறவினரை இழந்தவர்கள் அமெரிக்காவிலும் ஜப்பானிலும் கொரியாவிலும் சங்கங்கள் அமைத்து ஆண்டுதோறும் கேட்டுக்கொண்டிருந்தனர். ஹொக்கைடோவின் வடமுனையான சோயாவில் 1985இல் ஒரு நினைவுக் கோபுரம் எழுந்தது. அதன் உயரம் 19.83 மீட்டர், அங்கே பதித்த வெண்கற்கள் 269. எண்களையே சொல்லாக்கிவிட்டார்கள். அவர்களுடைய கேள்வி பலிக்கத் தொடங்கியது, காலம் மாறியதனாலும், கேள்வி கூர்மையானதனாலும். கோர்பசேவ் காலத்தின் இறுதியில், 1990-91இல், இஸ்வெஸ்தியா நாளிதழின் செய்தியாளர்கள் தங்கள் நாட்டு முக்குளிப்போரையும் படைவீரரையும் தேடிச்சென்று எழுதலாயினர். ஒசிபோவிச்சும் வாய்திறந்தார். தம் பீரங்கியில் இருந்தவை ஒளிக்குண்டுகளல்ல, கவசம் துளைக்கும் குண்டுகள் என்றார். இருட்டில் அவற்றை எவரும் கண்டிருக்க முடியாது. செப்டம்பர் 2ஆம் நாள் அறிக்கையின் 'எச்சரிக்கை' அங்கே உதிர்ந்தது. ஓர் அரசின் விளக்கத்தை அந்நாட்டு மக்களே சென்று கேட்கும்போதுதான் அது கடைசியாக உடைகிறது என்பது என் எண்ணம். வெளியார் கேட்டால் அது பகைமை ஆகிவிடும்.

1991 டிசம்பரில் அமெரிக்க செனட்டர் ஜெஸ்ஸி ஹெல்ம்ஸ், எல்ட்சினுக்குக் கடிதம் எழுதினார். அன்றிரவு ஆங்கரேஜிலிருந்து இன்னொரு கொரிய விமானத்தில் சோல் சென்றவர் அவர். விமானம் வீழ்ந்த இடம் எது, கறுப்புப் பெட்டிகள் எங்கே என்று அக்கடிதம் ஒவ்வொன்றாகக் கேட்டது. வதந்தியின் பாற்பட்ட கேள்விகளும் அதில் கலந்திருந்தன என்பது உண்மை. ஆயினும் பொருளைக் கேட்ட கேள்விகள் பொருளைக் கொண்டுவந்தன. 1992 அக்டோபரில் எல்ட்சின் இரகசியக் குறிப்புகளை வெளியிட்டார். நவம்பரில் சோல் சென்று, குடியரசுத் தலைவர் ரோ டே வூவிடம் கறுப்புப் பெட்டிகளை ஒப்படைத்தார்.

திறந்து பார்த்தபோது உள்ளே நாடா இல்லை.

பரல் இல்லாத சிலம்பு என்று நான் சொன்னால் மிகையாகாது. பத்தாண்டு காத்திருந்தவர்களின் கையில் வெற்றுப்பெட்டி. அந்த அரசு முந்தைய அரசன்று. மறைத்தவர்களுள் பலர் இறந்தே போயிருந்தனர். அப்படியும், மறைக்கும் பழக்கம் ஆட்சி மாறியவுடன் மாறிவிடுவதில்லை. மீண்டும் கேட்டார்கள். 1993 ஜனவரியில் பாரிசில், பன்னாட்டுப் பயணிகள் விமானப் போக்குவரத்து நிறுவனத்திடம் மூல நாடாக்கள் வந்துசேர்ந்தன. அவ்வாண்டு ஜூனில் அந்நிறுவனம் தன் இரண்டாம் அறிக்கையைத் தந்தது. விமானம் ஒரே காந்தத் திசையில் சென்று வழிதவறியது. விமானிகள் அதை உணரவில்லை. சோவியத் தரப்பு அதை வேவு விமானம் என்று கருதி, அடையாளம் காண எல்லா வழிகளையும் மேற்கொள்ளவில்லை. ஆபத்துக்கால அலைவரிசையில் ஒருமுறைகூட அழைக்கவில்லை. இவ்வளவும் 1983 அக்டோபரிலேயே சொல்லியிருக்கக் கூடியவை.

இது ஒரு நாட்டின் நோய் என்று எண்ணிவிடலாகாது. 1988 ஜூலை 3இல் அமெரிக்கப் போர்க்கப்பல் வின்சென்ஸ், 290 பேருடன் சென்ற ஈரான் பயணிகள் விமானத்தை வீழ்த்தியது. விமானம் தன் வான்வழிக்கு வெளியே இருந்தது, கப்பலை நோக்கி இறங்கியது என்பன முதல் விளக்கங்கள், இரண்டும் தவறு. கப்பல் அப்போது ஈரானியக் கடல் எல்லைக்குள் இருந்தது என்பது நான்கு ஆண்டு கழித்தே வெளிப்பட்டது. 2020 ஜனவரியில் ஈரானே உக்ரைன் விமானம் ஒன்றை வீழ்த்தி 176 பேரைக் கொன்றது. மூன்று நாள் மறுத்தபின் 'மனிதத் தவறு' என்றது. யாருடைய தவறு என்று கேட்க இடமில்லாத சொல், மனிதத் தவறு. 2014இல் உக்ரைன் வானில் 298 பேரோடு வீழ்ந்த மலேசிய விமானத்திற்கு உருசியா இன்றுவரை பொறுப்பேற்கவில்லை. 007இன் பெயரால் 1984இல் எழுதப்பட்ட அந்த விதியை உருசியா மீறியது என்று, அதே பன்னாட்டு நிறுவனத்தின் அவை 2025 மே மாதத்தில் முடிவு செய்தது.

பாரிசுக்கு வந்த நாடாவில் என்ன இருந்தது என்பதை மட்டும் சொல்லி அமைகிறேன். அமைச்சர்கள் இருவர் தம் தலைவருக்குக் குறிப்பெழுதிக் காக்கும் அளவுக்கு அப்படியென்ன இரகசியம் அதில் இருந்தது? விமானிகள் பேசிக்கொண்டிருந்தனர். தாங்கள் பின்தொடரப்படுவதை அறிந்ததற்கான ஒரு சொல்லும் அதில் இல்லை. சோல் விமான நிலையத்தில் பணம் மாற்றிக்கொள்ள இடம் உண்டா என்று ஒருவர் கேட்கிறார். டாலரைக் கொரியப் பணமாக மாற்றுவது பற்றிப் பேச்சு நடக்கிறது. நீண்ட இரவின் முடிவில் வீடு நெருங்கும் மனிதர் பேசும் பேச்சு. பிறகு வெடியோசை. விமானத்துள் காற்றழுத்தம் குறைகிறது, பத்தாயிரம் அடிக்கு இறங்குகிறோம் என்று டோக்கியோவுக்கு ஒரு செய்தி. ஏவுகணை பட்டதிலிருந்து ஒரு நிமிடம் நாற்பத்து நான்கு நொடியில் நாடா நின்றுவிடுகிறது. அதன்பின்னும் பத்து நிமிடம் அந்த விமானம் வானில் இருந்தது.